கலைந்த எக்செல் அட்டவணையைச் சீராக்க: கையா, பவர் குவெரியா, ஓப்பன்ரிஃபைனா, கோடா (நிரலா)?

ஒரு விற்பனை அட்டவணை. கிளைகள் இடது ஓரத்தில் கீழ்நோக்கி. மாதங்கள் மேலே குறுக்காக. ஒவ்வொரு மாதத்துக்கும் அடியில் ‘விற்றது’, ‘திரும்பியது’ என இரண்டு நெடுவரிசைகள். கிளைக்கு நான்கு பொருள், பொருளுக்கு ஒரு வரிசை; கிளையின் பெயர் நான்கு வரிசைக்கும் சேர்த்து இணைத்த ஒரே கட்டத்தில். ஒவ்வொரு கிளை முடிந்ததும் ஒரு ‘மொத்தம்’. அச்சிட்டு மேசையில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான அட்டவணை கிடையாது. அதையே பிவட் டேபிளுக்கோ வரைபடத்துக்கோ கொடுத்தால் ஒன்றும் நகராது.

பகுப்பாய்வுக்கு வேண்டிய வடிவம் வேறு. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் தனி அட்டவணை. ‘டைடி டேட்டா’ என்ற பெயரில் புள்ளியியலாளர் ஹேட்லி விக்கம் 2014-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்த மூன்று விதிகளையும் பரவலாக்கியது. தரவுத்தளக்காரர்களுக்கு இது புதிதல்ல. எட்கர் காட் 1970-களின் தொடக்கத்தில் வகுத்த ‘தேர்ட் நார்மல் ஃபார்ம்’ (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் விதி) புள்ளியியல் மொழியில் இப்படி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாற்றத்தைச் செய்ய எது நல்ல கருவி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் ஒப்பிடுகிறார்கள். குறுக்கே கிடக்கும் மாதங்களை நெடுக்காக நிறுத்துவது எல்லாக் கருவியிலும் ஒரே கட்டளை. எக்செலுக்குள் இருக்கும் பவர் குவெரியில் ‘அன்பிவட்’, பைதான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் ‘மெல்ட்’, ஆர் மொழியின் டைடிஆர் தொகுப்பில் ‘பிவட் லாங்கர்’, தரவைத் துப்புரவாக்கும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைனில் ‘டிரான்ஸ்போஸ்’. இதில் வெற்றி தோல்வி இல்லை. கருவிகள் பிரிவது வேறு மூன்று இடங்களில்: காலிக் கட்டத்தை என்ன செய்கிறது, இரண்டடுக்குத் தலைப்பை எப்படி விழுங்குகிறது, அடுத்த மாதம் கோப்பின் உருவம் கொஞ்சம் மாறி வந்தால் சத்தம் போடுகிறதா, பேசாமல் தப்பாக்கிவிடுகிறதா.

அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: எவ்வளவு நீளம் வேண்டும்? 5 கிளை, கிளைக்கு 4 பொருள் என்றால் 20 வரிசைகள் (‘மொத்தம்’ வரிசைகளைச் சேர்க்காமல்). 12 மாதம், மாதத்துக்கு 2 நெடுவரிசை என்றால் 24. ஆக 480 எண்கள். எல்லாவற்றையும் நெடுக்காக்கினால் 480 வரிசைகள் வரும். அதில் ‘வகை’ என்றொரு நெடுவரிசையில் விற்றது, திரும்பியது என்று மாறி மாறி இருக்கும். ஆனால் திரும்பும் விகிதத்தைக் கணக்கிட இரண்டு எண்களும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு 240 வரிசைகளே சரி. ‘நீளமாக இருந்தால் சீரானது’ என்று நினைத்துக்கொண்டு 480-இலேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் அதைத் திரும்ப அகலமாக்கிக்கொண்டே இருப்பார்கள். டைடிஆரில் ‘டாட் வேல்யூ’ (தலைப்பின் இந்தப் பகுதியை நெடுவரிசைப் பெயராகவே வை) என்று குறிப்பிட்டால் நேராக 240-க்குப் போய்விடலாம். மற்றவற்றில் பெரும்பாலும் நீளமாக்கி, பெயரைப் பிரித்து, மறுபடி கொஞ்சம் அகலமாக்க வேண்டும்.

கையால் செய்வது

ஒரே முறைதான், அட்டவணை ஒரு திரைக்குள் அடங்கும் என்றால் நகலெடுத்து ஒட்டுவதில் எந்த அவமானமும் இல்லை. கருவியைக் கற்க ஆகும் நேரம் வேலையைவிட நீளம். இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் கை வேண்டாம். காரணம் களைப்பு அல்ல, தடயம் இல்லாமை. என்ன செய்தோம் என்பதற்கு ஒரு பதிவும் மிஞ்சாது. ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று யாராவது கேட்டால் பதில் நம் நினைவில் மட்டும் இருக்கும்.

ஃபார்முலா நடுவழி. கூகுள் ஷீட்ஸில் எல்லாவற்றையும் ஒரு பிரிப்புக்குறியோடு ஒட்டி, ‘ஃப்ளாட்டன்’ செய்து (ஒரே நெடுவரிசையாக்கி), ‘ஸ்ப்ளிட்’ மூலம் திரும்பப் பிரிக்கும் வித்தை பிரபலம். ஒரே வரியில் வேலை முடிவதால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஸ்ப்ளிட் இயல்பாக அடுத்தடுத்து வரும் இரண்டு பிரிப்புக்குறிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பொருளின் பெயர் ஓரிடத்தில் காலியாக இருந்தால் மாதம் பொருளின் நெடுவரிசைக்கும், எண் மாதத்தின் நெடுவரிசைக்கும் நகர்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் சரியாகிவிடும். அதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. எக்செல் 365-இல் ‘டுகால்’, ‘விஸ்டாக்’ போன்றவை வந்த பிறகு அங்கேயும் இதே பாணியில் எழுத முடிகிறது. எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாத ஃபார்முலாவாக அது முடிவதும் வழக்கம்.

பவர் குவெரி

பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இதுதான். எக்செல் 2010, 2013-க்குக் கூடுதல் நிரலாக வந்து, 2016-இலிருந்து ‘டேட்டா’ தாவலிலேயே குடியேறிவிட்டது. தனியாக எதையும் நிறுவ அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலும் வலப்பக்கத்தில் ஒரு படியாகப் பதிவாகும். அடுத்த மாதக் கோப்பை அதே இடத்தில் வைத்து ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தினால் எல்லாப் படிகளும் மறுபடி ஓடும். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்க்கவும் வழி உண்டு. இணைத்த கட்டங்களில் மேல் மூலையில் மட்டுமே மதிப்பு இருக்கும், மற்றவை காலி. அதை ‘ஃபில் டவுன்’ நிரப்பிவிடும்.

நம் அட்டவணையின் இரண்டடுக்குத் தலைப்புக்குத்தான் இங்கே கொஞ்சம் சுற்றுவழி. நேராக அன்பிவட் செய்ய முடியாது. முழு அட்டவணையையும் புரட்டிப் போட்டு (டிரான்ஸ்போஸ்), இப்போது செங்குத்தாக வந்துவிட்ட மாதப் பெயர்களுக்கு ஃபில் டவுன் செய்து, மாதத்தையும் வகையையும் ஒரு குறியோடு ஒட்டி, திரும்பப் புரட்டி, முதல் வரிசையைத் தலைப்பாக்கி, அதன்பிறகு அன்பிவட் செய்து, ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். முதல் தடவை தலை சுற்றும். ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய குழிகள் சில. முதலாவது, அன்பிவட் காலிக் கட்டங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிடும். 480 வர வேண்டிய இடத்தில் 463 வந்தால் 17 கட்டங்கள் காலி என்று பொருள். சில வேலைகளில் இது நல்லதுதான். ஆனால் ‘அந்த மாதம் கணக்கு வரவில்லை’ என்பதே ஒரு தகவல் என்றால், அந்தத் தகவல் போய்விட்டது. பிறகு சராசரி எடுக்கும்போது வராத மாதம் இருந்ததாகவே தெரியாது. அன்பிவட்டுக்கு முன் காலியிடத்தில், தரவில் வரவே முடியாத ஒரு மதிப்பை வைத்து, முடிந்தபின் அதை மறுபடி காலியாக்குவதுதான் தீர்வு. பாண்டாஸின் மெல்ட்டும் டைடிஆரும் காலியை அப்படியே வைத்திருக்கும். வேண்டாம் என்றால் நாம் சொல்ல வேண்டும். என் கண்ணுக்கு இதுவே சரியான பழக்கம்.

அடுத்தது, கோப்பைத் திறந்ததும் பவர் குவெரி தானாகவே சேர்க்கும் ‘சேஞ்ச்டு டைப்’ என்ற படி. அது நெடுவரிசைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் ஒரு தலைப்பின் பெயர் மாறினால் அங்கேயே உடைந்து நிற்கும். அந்தப் படியை நீக்கிவிட்டு, வகை மாற்றத்தைக் கடைசியில், நீளமாக்கிய பிறகு செய்வது நல்லது. அதேபோல மாதங்களைத் தேர்ந்தெடுத்து ‘தேர்ந்ததை மட்டும் அன்பிவட் செய்’ என்று சொல்வதைவிட, மாறாமல் இருக்கும் கிளை, பொருள் இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘மற்றவற்றை அன்பிவட் செய்’ என்று சொல்லுங்கள். புதிதாக முளைக்கும் மாதம் தானாக உள்ளே வரும். இன்னொன்று: ஃபில் டவுன் ‘நல்’ (மதிப்பே இல்லை) இருக்கும் இடத்தைத்தான் நிரப்பும், வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) இருந்தால் தொடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரப்பவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

மேக்கில் வசதிகள் குறைவு, கூகுள் ஷீட்ஸில் பவர் குவெரியே இல்லை.

நீளமாக்கினால் நிரம்பி வழியும்

எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிசைகள்தான். போதாதா என்று தோன்றும். 50,000 வரிசையுள்ள அட்டவணையில் 24 நெடுவரிசைகளை நீளமாக்கினால் 12 லட்சம். அகலமாக இருந்தவரை அடங்கியது, சீராக்கியதும் அடங்கவில்லை. பவர் குவெரியின் விளைவை ஷீட்டில் இறக்காமல் ‘டேட்டா மாடலில்’ (கோப்புக்குள்ளேயே உள்ள தனிச் சேமிப்பு) ஏற்றினால் இந்த வரம்பு தடுக்காது.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வரம்பு 65,536 மட்டுமே. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் பரிசோதனை முடிவுகளை அந்த வடிவத்தில் இறக்கியபோது, ஒவ்வொரு பரிசோதனையும் பல வரிசைகளைப் பிடித்துக்கொண்டதால் இடம் தீர்ந்து, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. கோப்பு எந்த வடிவத்தில் வந்து போகிறது என்பதைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டும்.

கருவி எதுவானாலும் காப்பாற்ற முடியாத சேதமும் உண்டு. அது கோப்பு நம்மிடம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை நினைவில் வைக்காது. 16 இலக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழும். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற மரபணுப் பெயர்கள் தேதியாக மாறி மாறி அலுத்துப்போய், 2020-இல் மரபணுப் பெயரிடும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றியது. மென்பொருளுக்காக உயிரியல் வளைந்து கொடுத்த கதை. தேதிகளிலும் இரண்டு கணக்கு உண்டு: ஒன்று 1900-இலிருந்து எண்ணும், பழைய மேக் கோப்புகள் 1904-இலிருந்து எண்ணும். இரண்டையும் கலந்தால் 1,462 நாள் வித்தியாசம். நான்கு வருடம் தள்ளிப்போன தேதியைக் கண்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஓப்பன்ரிஃபைன்

மெட்டாவெப் நிறுவனத்தில் ‘கிரிட்வொர்க்ஸ்’ என்று பிறந்து, 2010-இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் ‘கூகுள் ரிஃபைன்’ ஆகி, 2012-இல் கூகுள் கைவிட்டதும் ‘ஓப்பன்ரிஃபைன்’ என்ற பெயரில் திறமூலமாக வாழ்கிறது. பிரவுசரில் திறந்தாலும் நம் கணினிக்குள்ளேயே ஓடும். தரவு வெளியே போகாது.

உருவம் மாற்றுவதற்காக மட்டும் இதை நிறுவாதீர்கள். நீளமாக்கும் வசதி இருக்கிறது, காலியை விடலாமா வேண்டாமா என்று கேட்கவும் செய்கிறது, ஆனால் இரண்டடுக்குத் தலைப்பு வந்தால் திணறும். இதன் பலம் பெயர்களில். ஒரே பொருளை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள்: ஒன்றில் கடைசியில் ஒரு இடைவெளி, ஒன்றில் புள்ளி, ஒன்றில் சொற்கள் முன்பின்னாக. ‘ஃபேசெட்’ போட்டால் எந்தப் பெயர் எத்தனை முறை வந்தது என்று ஓரத்தில் தெரியும். ‘கிளஸ்டர்’ கொடுத்தால் ஒன்றுபோல் இருப்பவற்றைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து ‘இணைக்கட்டுமா?’ என்று கேட்கும். முடிவு நம் கையில். செய்த படிகளை ஜேசன் கோப்பாக எடுத்து இன்னொரு கோப்புக்குப் போடவும் முடியும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணைக்கு ஓர் எச்சரிக்கை. ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் யுனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இம்மி வித்தியாசமும் தெரியாது. பவர் குவெரி இரண்டையும் வேறு வேறு பெயர் என்றே நினைக்கும். பைதானிலோ ஆரிலோ ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு (இரண்டு குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடு வடிவம்) மாற்றிவிட்டால் ஒன்றாகிவிடும், ஒரே வரி வேலை. சீராக்கியதை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்து எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரிந்தால், கோப்பின் முதலில் ‘பாம்’ என்ற அடையாளக் குறி இல்லாத யூடிஎஃப்-8 (யுனிகோடைச் சேமிக்கும் முறை) என்று அர்த்தம். தரவு கெடவில்லை, அப்படியே சேமித்தால்தான் கெடும்.

கோடு எழுதுவது

பாண்டாஸ், டைடிஆர் இரண்டில் எது என்பது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெஸ் மெக்கின்னி 2008-இல் தொடங்கிய பாண்டாஸ் எல்லா வேலைக்கும் கை கொடுக்கும். உருவம் மாற்றுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் டைடிஆர் ஒரு படி மேல் என்பேன். 2019-இல் ‘பிவட் லாங்கர்’, ‘பிவட் வைடர்’ வந்த பிறகு, தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் மாதத்தையும் வகையையும் நீளமாக்கும்போதே பிரித்துக்கொள்ள முடிகிறது. பாண்டாஸுக்கும் ஒரு வசதி உண்டு: தலைப்பு முதல் இரண்டு வரிசைகளில் இருக்கிறது என்று சொல்லிக் கோப்பைப் படித்தால், இணைத்த மேல் தலைப்பைத் தானே நிரப்பிக்கொள்ளும். பவர் குவெரியில் புரட்டிப் புரட்டிச் செய்தது இங்கே ஒரு வார்த்தையில் முடிகிறது.

கோடுக்குப் போக நல்ல காரணம் வேகம் என்று நான் நினைக்கவில்லை. பிழையைச் சத்தமாகச் சொல்ல வைக்கலாம் என்பதுதான். பாண்டாஸில் ‘பிவட்’ செய்யும்போது ஒரே கிளை, பொருள், மாதத்துக்கு இரண்டு வரிசை இருந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். எரிச்சலில் பலர் உடனே ‘பிவட் டேபிள்’ கட்டளைக்கு மாறுகிறார்கள், அது ஓடிவிடும். ஏன் ஓடியது? இரண்டையும் சராசரி எடுத்துவிட்டது, அதுதான் அதன் இயல்பு. பவர் குவெரியின் பிவட் எண்களுக்கு இயல்பாகக் கூட்டிவிடும். டைடிஆர் எச்சரித்துவிட்டு இரண்டையும் ஒரே கட்டத்தில் பட்டியலாக வைத்துக் காட்டும். இரட்டை வரிசை என்பது அநேகமாகக் கோப்பை இருமுறை ஒட்டியதன் அடையாளம். நின்றுவிடுகிற கருவிதான் அங்கே நமக்கு உதவுகிறது.

இன்னொரு காரணம் நிறம். ‘மஞ்சள் அடித்தது உறுதியாகாத கணக்கு’ என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருப்பார். பவர் குவெரிக்கு நிறம் தெரியாது, பாண்டாஸ் நேராகப் படித்தாலும் தெரியாது. பைதானில் ஓப்பன்பைஎக்செல், ஆரில் டைடிஎக்ஸ்எல் இரண்டும் கட்டத்தின் நிறத்தையே ஒரு மதிப்பாக எடுத்துத் தரும். கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்ட நிறம் மட்டும் கட்டத்தில் இருக்காது. அதற்கு அந்த விதியைத்தான் கண்டுபிடித்து எழுத வேண்டும். பத்துப் பதினைந்து மஞ்சள் கட்டம்தான் என்றால் எக்செலிலேயே நிறத்தை வைத்து வடிகட்டி, பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் ‘உறுதியாகாதது’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

கோப்பைப் படிக்கும்போது எல்லாவற்றையும் எழுத்தாகவே படித்து, பிறகு வகை மாற்றுங்கள். ஃபில் டவுனுக்கு இணையான ‘எஃப்ஃபில்’ கட்டளையைக் கிளைப் பெயருக்கு மட்டும் கொடுங்கள். முழு அட்டவணைக்கும் கொடுத்தால் வராத மாதத்தின் கணக்கில் மேல் வரிசையின் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் பற்றி ஒரு வரி போதும்: தரவு ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருந்தால் அங்கேயே அன்பிவட் செய்யுங்கள், எக்செல் கோப்பைச் சீராக்க மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரின் அன்பிவட்டும் காலியைத் தூக்கி எறிகிற ரகம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளிடம் அட்டவணையை ஒட்டி ‘சீராக்கித் தா’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எண்களைத் திரும்ப எழுதித் தரச் சொல்லாதீர்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்க 480-ஐயும் ஒப்பிட வேண்டும். தலைப்புகளையும் நான்கைந்து மாதிரி வரிசைகளையும் காட்டி, நிரலையோ பவர் குவெரிப் படிகளையோ கேளுங்கள். அதை நீங்கள் ஓட்டிப் பார்க்கலாம், சரிபார்க்கலாம்.

ஆக, எது?

நான் கேட்கும் கேள்விகள் இவை. இந்தக் கோப்பு திரும்ப வருமா? எனக்குப் பிறகு இதை ஓட்டப்போகிறவர் யார்? தகவல் எழுத்தில் மட்டும் இருக்கிறதா, இடத்திலும் நிறத்திலும் இருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் பைதான் தெரியாது என்றால், நேர்த்தியான நாற்பது வரி கோடு நீங்கள் விடுப்பில் போகும் நாளில் செத்துவிடும். அங்கே சுற்றுவழியானாலும் பவர் குவெரியே சரி. மாறாக, ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படி வடிவம் மாற்றி அனுப்புகிறது, கோப்புகள் நூற்றுக்கணக்கில், சரிபார்ப்பு கடுமையாக வேண்டும் என்றால் கோடுக்குக் குறைந்த எதுவும் தாங்காது.

எதைத் தேர்ந்தாலும் ‘மொத்தம்’ வரிசைகளை எறிவதற்கு முன் தனியே எடுத்து வையுங்கள். சீராக்கிய தரவைக் கிளைவாரியாகக் கூட்டி அவற்றோடு ஒப்பிடலாம். காசில்லாமல் கிடைத்த சரிபார்ப்பு. பொருந்தாவிட்டால் நம் படிகளில் பிழை இருக்கலாம். பழைய கோப்பின் கூட்டல் ஃபார்முலா கடைசியாகச் சேர்த்த வரிசையை விட்டுவிட்டிருக்கவும் அதே அளவு வாய்ப்புண்டு.

ஒரே கருவியில்தான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாதந்தோறும் வரும் கோப்புக்கு நான் சொல்வது இந்தக் கூட்டணி: பெயர்களை ஒருமுறை ஓப்பன்ரிஃபைனில் கூட்டம் சேர்த்து, ‘வந்த பெயர்’, ‘சரியான பெயர்’ என்ற இரண்டே நெடுவரிசையுள்ள பட்டியலாக எக்செலில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் குவெரி ஒவ்வொரு முறையும் நீளமாக்கி முடித்ததும் அந்தப் பட்டியலோடு இணைக்கட்டும். கூடவே ‘லெஃப்ட் ஆன்ட்டி’ இணைப்பில் இன்னொரு குவெரி: பட்டியலில் இல்லாத பெயர்கள் மட்டும் அதில் விழும். அது காலியாக இருந்தால் அந்த மாத வேலை முடிந்தது. மூன்று பெயர் விழுந்தால் அந்த மூன்றையும் பட்டியலில் சேர்த்து மறுபடி ரெஃப்ரெஷ் கொடுங்கள்.